ஏரியை ஆண்ட எல்லப்பன்

படிக்காத புத்தகத்தைப் படித்ததாகக் காட்டிக்கொள்வது ஒரு கலை. அந்தக் கலையில் நான் கொஞ்சம் தேர்ந்தவன். தலையை மெல்ல ஆட்ட வேண்டும். கண்ணைப் பாதி மூட வேண்டும். "ஆஹா, அந்தக் கடைசி அத்தியாயம்!" என்று பெருமூச்சு விட வேண்டும். எந்த நாவலுக்கும் ஒரு கடைசி அத்தியாயம் இருந்தே தீரும். அதனால் மாட்டிக்கொள்ள வழியே இல்லை.

மாட்டிக்கொண்டேன்.

அது 1973. அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு, போல்ட்டு செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. பெயர் பக்தவத்சலம். மத்தியானம் கேன்டீனில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டெஸ்பாட்ச் ஜம்புலிங்கம் எதிரே வந்து உட்கார்ந்தான். கம்பெனி வாசகர் வட்டத்துக்கு அவன்தான் செயலாளர்.

"பக்தா, 'வரப்புக்கு அந்தாண்ட' நாவல் படிச்சிருக்கியா?"

கேள்விப்பட்டிருந்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்த நாவல். நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துக் கழனி ஜனங்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படியே எழுதியது. இலக்கியம் தெரிந்தவர்கள் அதன் பேரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

நான் தலையை ஆட்டினேன். கண்ணைப் பாதி மூடினேன். "ஆஹா, அந்தக் கடைசி அத்தியாயம்!" என்றேன்.

"எத்தனை தடவை படிச்சே?"

என் கலையில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. வாயில் இருந்த மாவடுவை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, "மூணு தடவை" என்றேன்.

"அப்பாடா! அடுத்த ஞாயித்துக்கிழமை அதைப் பத்தி நீதான் பேசறே. மானேஜர் தலைமை. அந்த நாவல்னா அவருக்கு உயிர். எல்லாரும் குடும்பத்தோட வராங்க. நீயும் வீட்ல கூட்டிக்கிட்டு வந்துடு."

மாவடு தொண்டையில் சிக்கியது.

அன்று சாயங்காலமே அம்பத்தூர் கிளை நூலகத்துக்கு ஓடிப் புத்தகத்தை எடுத்தேன். வழியிலேயே, ஒரு டீக்கடை வாசலில் நின்று பிரித்தேன். முதல் பக்கம். முதல் வரி.

'ஏரியாண்ட எல்லப்பன். வாசல்ல அம்மா குந்திகினு. மய வந்தாக்கண்டி நட்டுர்லாம் நைனா.'

இரண்டாவது தடவை படித்தேன். மூன்றாவது தடவையும் படித்தேன். ஜம்புலிங்கத்திடம் சொன்ன மூன்று தடவை கணக்கு அந்த ஒரு வரியிலேயே தீர்ந்துபோனது. பக்கத்தில் எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. கீழே போட்டிருந்த '1'.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பத்தில் குடியிருக்கிறவனுக்கு இந்தப் பேச்சு எப்படிப் புரியாமல் போகும் என்று. அதற்கு என் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. நான் பிறந்து வளர்ந்து இலக்கணம் படித்ததெல்லாம் அங்கேதான். வேலை கிடைத்து அம்பத்தூர் வந்தேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கள்ளிக்குப்பம் துலுக்கானத்தின் மகள் வேம்புலியம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டேன். நான் அவளை வேம்பு என்பேன். அவள் என்னை மாமா என்பாள்.

நாங்கள் இருக்கும் வீடு மாமனாருடையது. கிணறு மாமனாருடையது. நான் படுக்கும் கட்டில் அவர் போட்டது. அதில் எந்தப் பக்கம் படுப்பது என்பது வேம்பு முடிவு செய்வது. என்ன சமையல், எப்போது சினிமா, யார் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதுவது, எல்லாம் அவள்தான். இந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து என் தமிழ். அதைத்தான் நான் செங்கோல்போலப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாமா, கொயம்பு ஊத்தவா?" என்பாள்.

"என்ன. குழம்பு. ஊற்றவா" என்பேன்.

"ஊத்திட்டேன், துன்னுங்க."

"தின்னுங்கள். இல்லை, சாப்பிடுங்கள்."

இப்படி ஒன்றரை வருஷம். அவள் பேச ஆரம்பித்தால் பொருள் என் காதில் விழாது. பிழை மட்டும்தான் விழும். ஒரு தடவை, "மாமா, அடுப்புல துணி பத்திகிச்சு" என்று கத்தினாள். "பற்றிக்கொண்டது" என்றேன். என் வேட்டி போயிற்று.

அப்படிப்பட்ட நான், அவளிடம் போய், "வேம்பு, இந்த வரிக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் என்ன ஆகும்? செங்கோல் கைமாறும். அதனால் ஒரு திட்டம் போட்டேன். புத்தகத்தைப் பரண்மேல், பழைய பித்தளைக் குடத்துக்குள் ஒளித்து வைப்பது. கடினமான சொற்களை மட்டும் ஸ்டோர்ஸ் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது. பேச்சோடு பேச்சாக, ஒன்றும் தெரியாதவன்போல, ஒவ்வொன்றாக அவள் வாயிலிருந்து பிடுங்குவது.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் கொட்டாவி விட்டேன். கொட்டாவிக்கு நடுவே, சம்பந்தமே இல்லாததுபோல, "ஏன் வேம்பு, இந்தக் குந்தி, குந்தின்னு சொல்றாங்களே, அது யாரு?" என்றேன்.

கீரையை உருவிய கை நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பாண்டவரு அம்மா. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"இதுகூடவா தெரியாது? பொன்மலைல தெருக்கூத்தே ஆட மாட்டாங்களா?"

எனக்கு உள்ளே தீபாவளி. அம்மா குந்தி! எப்பேர்ப்பட்ட உவமை! வறுமையில் பிள்ளைகளைக் காக்கும் தாயைப் பாண்டவர் தாயாகவே ஆக்கிவிட்டார் ஆசிரியர். 'கினு' யார் என்றுதான் தெரியவில்லை. சரி, குந்தியின் தங்கையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை.

"வேம்பு, இந்தக் கண்டி எங்கே இருக்கு?"

"சிலோன்ல கீது."

"இருக்கிறது."

"சிலோன்ல இருக்கிறது. எங்க பெரியப்பாகூட டீத் தோட்டத்துக்குப் போயிருந்தாரு. இன்னாத்துக்கு கேக்கறீங்க? வேலைய உட்டுட்டு போப்போறீங்களா?"

"இல்லை, இல்லை. பொது அறிவு."

"அறிவு வேணும்தான்" என்றாள், மிகவும் பொறுமையாக.

அப்படியானால் மழை பொய்த்து ஜனங்கள் கண்டிக்குப் பிழைக்கப் போகிறார்கள். நாவலில் இந்தக் கண்டி பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'சொன்னாக்கண்டி', 'போனாக்கண்டி', 'செத்தாக்கண்டி'. எத்தனை குடும்பங்கள்! எத்தனை கண்ணீர்!

'ஏரியாண்ட' என்பதற்கு நான் யாரையும் கேட்கவில்லை. அது எனக்கே விளங்கிவிட்டது. ஏரியை ஆண்ட எல்லப்பன். குறுநில மன்னர் பரம்பரை. நொடித்துப்போயிருக்கிறது.

நாற்பது பக்கத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. கடைசி அத்தியாயத்துக்குத் தாவினேன். அதில் கதாநாயகன் கன்னியப்பன், எல்லப்பன் மகள் கெங்கம்மாளைக் கட்டிக்கொள்கிறேன் என்று பஞ்சாயத்தில் வந்து சொல்ல வேண்டும். எல்லோரும் காத்திருக்கிறார்கள். அப்போது ஒரு வரி: 'கன்னியப்பன் ஜகா வாங்கிட்டான்.'

வியாழக்கிழமை, சவரம் செய்துகொண்டே கேட்டேன்.

"வேம்பு, ஒருத்தன் ஜகா வாங்கினால் அது நல்லதுதானே?"

வேம்புக்கு இருமல் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எவ்ளோ கிரவுண்டு?" என்றாள்.

இதைவிட என்ன வேண்டும்? ஜகா என்றால் நிலம்! கூலிக்காரன் கன்னியப்பன் சொந்த நிலம் வாங்கிவிட்டான். அதனால்தான் பஞ்சாயத்துக்கு வர நேரமாகிறது. பத்திர ஆபீசில் கூட்டமாக இருந்திருக்கும். என்ன முடிவு! என்ன முடிவு!

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது வேம்புவுக்கு நான் கொடுத்த உத்தரவு இதுதான்: "மானேஜர் இருப்பார். அவர் மனைவி இருப்பார். நீ வாயைத் திறக்கக்கூடாது. சிரித்த முகமாக இரு. யாராவது வந்தால் வணக்கம் சொல்."

"வாய தொறக்காம எப்டி மாமா வணக்கம் சொல்றது?"

"கையால் சொல்."

தலையை ஆட்டினாள். கனகாம்பரம் வைத்துக்கொண்டு, மயில்கழுத்துக் கலர்ப் புடவையில், கையைக் கூப்பியபடியே வந்தாள். கேன்டீன் ஹாலில் பெண்கள் பக்கம், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

மானேஜர் ராஜசேகரன் கோட்டுப் போட்டவர். இங்கிலீஷில் கோபப்படுபவர். அவருக்கு நேர் எதிரே நின்று பேச ஆரம்பித்தேன்.

"நண்பர்களே! 'ஏரியாண்ட எல்லப்பன்' என்று முதல் வரியிலேயே முழங்குகிறார் ஆசிரியர். கங்கை கொண்டான் என்போம், கடாரம் கொண்டான் என்போம். இவனோ ஏரியை ஆண்டான்! இது ஒரு மன்னனின் வீழ்ச்சி!"

லேத் செக்‌ஷன் ஆட்கள், எல்லாம் சுற்று வட்டாரத்துக்காரர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான். உற்சாகம் வந்துவிட்டது. குந்திக்குப் போனேன். குந்தியின் தங்கை கினுவைப் பற்றி, அவள் தியாகத்தைப் பற்றி, ஐந்து நிமிஷம். பிறகு ஊர் ஜனங்களைக் கப்பல் ஏற்றிக் கண்டிக்கு அனுப்பினேன். ஹால் முழுக்க ஒரு சத்தம். அழுகிறார்கள் என்று நினைத்தேன். முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு தோள் குலுங்கினால் நீங்கள் வேறு என்ன நினைப்பீர்கள்?

"இறுதியில் என்ன நடக்கிறது? கன்னியப்பன் ஜகா வாங்குகிறான்! தலைமுறை தலைமுறையாகப் பிறர் மண்ணில் உழைத்தவன், இன்று மண்ணுக்குச் சொந்தக்காரன்! நண்பர்களே, இது வெற்றியின் காவியம்!"

மானேஜர் கையைத் தூக்கினார்.

"மிஸ்டர் பக்தவத்சலம், ஒரு சந்தேகம். அப்படின்னா கடைசிப் பக்கத்துல கெங்கம்மா ஏன் அழறா?"

கடைசி அத்தியாயத்தில் கடைசிப் பக்கம் ஒன்று இருக்கிறது என்பதையே நான் கவனிக்கவில்லை.

"ஆனந்தக் கண்ணீர் சார்" என்றேன். "பத்திரம் பதிவானதில்."

அதற்குமேல் லேத் செக்‌ஷன் தாங்கவில்லை. ஒருவன் பெஞ்சிலிருந்து நிஜமாகவே விழுந்தான். மானேஜர் மட்டும் சிரிக்கவில்லை. மேஜையிலிருந்த புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் படிங்களேன். சத்தமா."

படித்தேன். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நிறுத்தி, இலக்கண சுத்தமாக. "கெங்கம்மா. ஒண்டியா. நின். நின்னா. நின்றால்..." ஏலம் போடுகிறவன்கூட இன்னும் உருக்கமாகப் படித்திருப்பான். நெற்றியில் வேர்வை. எழுத்தெல்லாம் எறும்பாக ஓடியது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"மாமா, அப்டி இல்ல. குடுங்க இப்டி."

வேம்பு எழுந்து வந்தாள். கூப்பிய கையைப் பிரித்துப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். மானேஜரைப் பார்த்து, "நான் படிக்கலாங்களா சார்?" என்றாள். அவர் தலையசைத்தார்.

படித்தாள் என்று சொல்லக்கூடாது. பேசினாள்.

"'கெங்கம்மா ஒண்டியா நின்னுகினு கீறா. ஊரே பாத்துகினு கீது. வரேன்னு சொன்னவன் வரல. எல்லப்பன் தலய குனிஞ்சுகினான். நீ ஏன் நைனா குனியற, அவன் வராட்டி போவட்டும், நாத்து காஞ்சா யாரு பதில் சொல்றதுன்னா. பொடவய வரிஞ்சு கட்டிகினு சேத்துல எறங்குனா. குனிஞ்சு நட்டா. கண்ணுல தண்ணி வந்துகினே கீது. தொடைக்க கை காலி இல்ல.'"

அவ்வளவுதான். அந்தப் பக்கம் முடிந்தது. நான் எறும்பாகப் பார்த்த எழுத்தெல்லாம் அவள் வாயில் ஆளாக நடந்தது. அந்த முதல் வரியும் அப்போதுதான் விளங்கியது. ஏரிப் பக்கத்தில் வீடு. வாசலில் உட்கார்ந்திருக்கிற அம்மா. மழை வந்தால் நட்டுவிடலாம் என்கிற மகள். அவ்வளவு சாதாரணம். அதில் மன்னனும் இல்லை, கப்பலும் இல்லை. பெஞ்சிலிருந்து விழுந்தவன் எழுந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றான். மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூந்தமல்லிப் பக்கம் பெரிய விவசாயக் குடும்பமாம் அவர்கள். எனக்கு அன்றுதான் தெரியும்.

"அம்மா," என்றார், "ஜகா வாங்கறதுன்னா என்னன்னு இவருக்குச் சொல்லுங்க."

"வரேன்னு சொல்லிட்டு கடைசி நிமிட்ல பின்வாங்கறது சார். வாக்கு குடுத்துட்டு பூடறது."

அதற்கப்புறம் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மானேஜரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். மானேஜரும் பக்கத்தில் நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் வடைக் கூடைக்குப் பின்னால் நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பதே அன்று எனக்குக் கிடைத்த மரியாதை.

கள்ளிக்குப்பத்துக்கு நடந்தே வந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன்.

"எப்போ படிச்சே?"

"நீங்க பரண்ல வெச்ச மறுநாளே. தோசைக்கல்லு எடுக்க ஏறுனேன். கொடத்துக்குள்ள பொஸ்தகம். நீங்க ஏயு மணிக்கு போனா ஆறு மணிக்கு வறீங்க. அது வரிக்கும் நான் இன்னா பண்றது? ரெண்டே நாள்ல முடிச்சுட்டேன்."

"சட்டைப் பையில் சீட்டு..."

"தொவைக்கறது யாரு?"

"அப்புறம் ஏன் வேம்பு தப்புத் தப்பாகச் சொன்னே?"

அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"நானா? நான் இன்னா தப்பு சொன்னேன்? குந்தி யாருன்னு கேட்டீங்க. பாண்டவரு அம்மான்னேன். தப்பா?"

"இல்லை."

"கண்டி எங்க கீதுன்னு கேட்டீங்க. சிலோன்லன்னேன். தப்பா?"

"இல்லை."

"ஜகா வாங்குனா நல்லதான்னு கேட்டீங்க. எவ்ளோ கிரவுண்டுன்னு கேட்டேன். அது கேள்வி. கேள்வில எப்டி மாமா தப்பு வரும்?"

இலக்கணப்படி அவள் சொன்னது சரி. அவளே தொடர்ந்தாள்.

"பொஸ்தகத்த எடுத்துகினு வந்து, வேம்பு, இது எனக்கு பிரியல, கொஞ்சம் படிச்சு காட்டுன்னு ஒரு வார்த்த கேட்டுருந்தா, மொத நாளே படிச்சு காட்டியிருப்பேன். வாயால படிக்க வேண்டியத கண்ணால படிச்சா எப்டி பிரியும்?"

மறுபடி நடந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆவடி வண்டி போகும்வரை நின்றோம். வண்டி போன பிறகு அவள் சொன்னாள், என்னைப் பார்க்காமல்.

"எங்காத்தா பேசுற பேச்சு மாமா அது. அச்சு போட்டு, அட்டை போட்டு, கவர்மென்ட்டு லைப்ரரில வெச்சுகீறாங்க. மொத்தம் முந்நூறு பக்கம். நான் ஒண்ணு உடாம தேடிப் பாத்தேன். ஒரு எடத்துலகூட தப்புன்னு யாரும் அடிக்கல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இருந்தாலும், ஒன்றரை வருஷமாக அவள் சொன்னதெல்லாம் என்னவாக இருந்திருக்கும் என்று முதல்தடவையாக யோசித்தேன். யோசித்து என்ன, ஒன்றும் ஞாபகம் இல்லை. பிழைகள் மட்டும்தான் ஞாபகம் இருந்தன.

"இனிமே திருத்த மாட்டேன் வேம்பு" என்றேன்.

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே."

அவள் என் முதுகில் தட்டினாள். அந்தச் சொல்லைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மானேஜர் ரூமிலிருந்து அழைப்பு. போனேன். மன்னிப்புக் கடிதம்கூட எழுதிப் பையில் வைத்திருந்தேன். மானேஜர் என்னைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"பத்திர ஆபீஸ்! ஐயோ! நேத்து வீட்டுக்குப் போயும் நிக்கல எனக்கு. மிஸ்டர் பக்தவத்சலம், அடுத்த மாசம் கம்பெனி ஆண்டு விழா. உங்க பேச்சு கட்டாயம் வேணும்."

"சார், இந்தத் தடவை சரியாகத் தயார் செய்து..."

"தயாரா? மூச்! அதே பேச்சு. ஒரு வார்த்தை மாத்தக்கூடாது. அந்தக் குந்தி தங்கச்சி கட்டாயம் வரணும். நல்ல யோசனை, இல்லே? என் யோசனைன்னு நினைக்காதீங்க. உங்க வீட்டம்மாதான் நேத்து சொன்னாங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "வேம்பு, நீயா சொன்னே?"

"ஆமா" என்றாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. "ஆண்டு விழாவுல என்னிய படிக்க சொன்னாங்க. நான் படிச்சா எல்லாம் அய்வுறாங்க மாமா. அய்துகினே ஊட்டுக்கு போனா நல்லாவா கீது? அப்பால யாராச்சும் சிரிக்க வைக்க வேணாமா? எனக்கு உங்கள உட்டா யார தெரியும்?"

அதைக் கேட்கப் பெருமையாகக்கூட இருந்தது, ஒரு ராத்திரி முழுக்க. செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி வாசலில் ஜம்புலிங்கம் ஆண்டு விழா நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் படித்தேன்.

'மாலை 4 மணி: நாவல் வாசிப்பு – திருமதி வேம்புலியம்மாள். 5 மணி: விகடக் கச்சேரி – அம்மையாரின் கணவர்.'